எட்டாவது அச்சு

முள்கம்பி கேட்டில் கிராணி
அவன் பேரை 'வந்தராசு' என்று பதிந்தார்.
வொண்ட்ராச்செக் என்று மூன்று முறை சொல்லிப் பார்த்தவன்
நாலாவது முறை வந்தராசுக்கே தலையாட்டினான்.
செக்கு நாட்டுக்காரனாம்.
எண்ணெய் ஆட்டுகிற ஊர் போலிருக்கிறது என்றாள் முனிம்மா.
தப்பில்லை.
அவன் வந்து கேட்டதும் ஒரு செக்கைத்தான்.

பாடாங் செராய். ஐம்பத்திரண்டு. ஊரடங்கு.
சப்பாத்துக் கம்பெனிக்குப் பெட்டிப் படம் வரைய வந்து
கம்பெனியோடு சண்டை போட்டுக்கொண்டு
ஆ லெங் மளிகைக்கு மேலே மாடியறையில் இருந்தான்.
எண்ணெய்ச் சாயத்தில் மழை வரைந்தான்.
வேறொன்றும் இல்லை, மழைதான், பதினாலு மழை.
பதினாலையும் பூஞ்சை தின்றது.
அதற்குப் பிறகுதான் உளியை எடுத்தான்.

சப்பாத்து அடிக்கு வருகிற ரப்பர் தகட்டை
மடியில் வைத்துப்
பட்டை சீவுகிற மாதிரியே சீவுவான்.
பால் மட்டும் வராது.
நம் காட்டுப் பால்தானே,
கப்பலேறிக் கறுத்துத் திரும்பி வந்து
மறுபடி வெட்டுப்படுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

சங்கு ஊதின பிறகு மிஷின் வீட்டில்
வழவழ உருளை சும்மா நிற்கும்.
தகடு, அதன்மேல் தாள், அதன்மேல் ஒரு பழங்கம்பளி.
அவன் செருகுவான், நான் சுற்றுவேன்,
சுற்றுக்கு அஞ்சு காசு.
மை என்பது புகைவீட்டுக் கரி.
கட்டிப்பால் நாற்றத்தோடு வெளியே வரும்
பெரட்டு வரிசை,
தலையில் விளக்குக் கட்டின பெண்கள்,
அடையாளக் கார்டுப் படத்துக்குக்
கண் சிமிட்டாமல் உட்கார்ந்த பத்துக் கிழவர்கள்.
துரை ஒன்றைக்கூட வாங்கவில்லை.

என்னைச் செதுக்க இருபது நாள் ஆனது.
பேரை எழுதித் தரச் சொன்னான்.
மூன்றாம் வகுப்புத் தமிழில் எழுதினேன்: வீராயி.
அச்சில் இடம் வலம் மாறிவிடும்.
அதனால் என் எழுத்தைக் கண்ணாடிக்குக் காட்டிக் காட்டி
'வீ'யின் சுழிக்கு மட்டும் இரண்டு நாள்,
கோடு பிசகாமல் திருப்பி வைத்தான்.

தாளை உரித்தோம்.
பேர் நேராக நின்றது.
கீழே இரண்டு கை.
வலக்கை முழுசு.

முழுசு.
முந்தின வருஷம் இதே வீட்டு உருளை இழுத்துக்கொண்ட இரண்டும்,
நூற்றிருபது வெள்ளியோடு கம்பெனி கணக்கு முடித்த இரண்டும்
நகத்தோடு இருந்தன.
இடக்கைதான் மொட்டை.

அவன் தலையில் அடித்துக்கொண்டான்.
எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில்
கையைத் திருப்ப மறந்தானாம்.
கற்றுக்குட்டி செய்கிற தப்பாம்.
தகட்டைக் கிழிக்கக் கத்தியை எடுத்தபோது
மொட்டைக் கையை அதன்மேல் வைத்தேன்.
இன்னும் ஆறு சுற்று, காசு வேண்டாம் என்றேன்.

தொண்ணூற்று மூன்றில் பிராகாவிலிருந்து ஒரு பெண் வந்தாள்.
செம்பனை லாரி போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தி
அது போன பிறகு தொடர்ந்தாள்.
வந்தராசு செத்துப் பத்து வருஷமாம்.
ஊருக்குத் திரும்பிப் பாட்டில் லேபிளும்
பிள்ளைகள் புத்தகமும் வரைந்து பிழைத்தானாம்,
மழை மட்டும் மறுபடி வரையவே இல்லையாம்.
கனத்த புத்தகம் ஒன்றைப் பிரித்தாள்.
நான் இருந்தேன், ஒரு பக்கம் முழுக்க.
'உலகம் பறித்ததைக் கலை வேண்டுமென்றே திருப்பித் தருகிறது'
என்று ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறாராம்.
எனக்குச் சிரிப்பு இருமலாகிவிட்டது.
தண்ணீர் கொடுத்தாள், நல்ல பெண்.

மொத்தம் ஏழு அச்சு என்று போட்டிருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
எட்டாவது என் இரும்புப் பெட்டியில்
வரிச்சீட்டுகளுக்கு அடியில் கிடக்கிறது.
அவன் கப்பலேறுவதற்கு முதல் நாள் ராத்திரி
மொட்டைக் கையால் செருகி
முழுக்கையால் நானே சுற்றினது.
மை போதவில்லை.
முகம் விழவில்லை, பேரும் விழவில்லை.
கை விழுந்தது.